ஐம்பதாவது குழி

என் கடை மேசையில், கல்லாவுக்கு இடப்பக்கமாக, ஒரு வேங்கைப் பலகை இருக்கிறது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம், ஒரு சாண் அகலம், மூன்று விரல் கனம். வரிசைக்குப் பத்தாக ஐந்து வரிசை, மொத்தம் ஐம்பது குழிகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவு. கை பட்டுப் பட்டுப் பலகையின் ஓரங்கள் வழவழவென்று ஆகிவிட்டன. இப்போது அந்தக் குழிகளில் அத்தர் குப்பிகளை நிறுத்தி வைத்திருக்கிறேன். நாற்பத்தொன்பது குழிகளில் குப்பி உண்டு. கடைசி வரிசையின் கடைசிக் குழி மட்டும் காலி. வருகிறவர்கள் சிலர் பேச்சுவாக்கில் அதில் பேனாவைச் செருகிவிடுவார்கள். அதை எடுத்துத் திருப்பிக் கொடுப்பேன். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதைவிட, ஆள் முகம் பார்த்துப் பேச வராதவன். எழுதுவது பரவாயில்லை, காகிதம் திருப்பிப் பார்ப்பதில்லை.

அந்தப் பலகை அத்தருக்காகச் செய்ததல்ல. கைத்துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை நிறுத்தி, ஒவ்வொன்றாக வெடிமருந்து நிரப்புவதற்காகச் செய்தது. அதன் சொந்தக்காரரை நான் தோப்பு முதலாளி என்றுதான் கூப்பிடுவேன். ராஜபாளையத்தில் வீடு, சோழபுரம் பக்கம் தென்னந்தோப்பு. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். எண்பதுகளின் கடைசியில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நிறுவைக்கு நின்றிருந்தேன். என்னைப் பெற்ற அத்தாவும் அதே கடையில் நிறுவைக்கு நின்றவர்தான். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. தோப்பு முதலாளி ஒருநாள் குங்குமப்பூ வாங்க வந்தார். நான் சின்னத் தராசில் நிறுப்பதைக் கண் எடுக்காமல் பார்த்தார். பொட்டலம் மடித்துக் கொடுத்த பிறகும் போகவில்லை.

"பாய், ஒரு கடுகு கூடினாலும் ஒன் தராசு சொல்லுமா?"

"கடுகுல பாதி கூடினாலும் சொல்லும் மொதலாளி."

அன்று நான் பேசியது அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கடை அடைத்ததும், தராசுப் பெட்டியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு சோழபுரம் போனேன். பிறகு ஏழெட்டு வருடம் பெரும்பாலான வெள்ளிக்கிழமைகள் அப்படித்தான் கழிந்தன.

அவரிடம் இருந்தது வெளிநாட்டு ரிவால்வர். ஆறு தோட்டா போடுகிற சுழல் உருளை. அந்தத் தோட்டாவுக்கு மேக்னம் என்று பெயர். சாதாரணத் தோட்டாவையும் அதையும் என் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "அரை நெல்லு நீளம்தான் கூட. அந்த அரை நெல்லுக்கு எம்புட்டுக் கோபம் வரும்னு பொறவு பாரு" என்றார். அவருக்கு எதிரி என்று யாரும் கிடையாது. வேட்டைக்கும் போனதில்லை. அந்தத் தோட்டாவின் மேல் ஒரு பிரியம், அவ்வளவுதான். துப்பாக்கிக்கும், தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்வதற்கும் முறையான அனுமதி வைத்திருந்தார். கடையில் அந்தத் தோட்டா கிடைக்காத காலம் அது. சுட்ட கூட்டைக் கீழே விடாமல் பொறுக்கித் துடைத்து, அடியில் நெருப்புப் பொறி தருகிற புது கேப்பு அடித்து, மருந்து போட்டு, ஈயக் குண்டை வைத்து, கைப்பிடி மெஷினில் அமுக்கி எடுத்தால் மறுபடியும் தோட்டா. மெஷினோடு வந்த வெளிநாட்டுத் தராசு மழைக்காலத்தில் துருவேறிக் கெட்டுப்போனதால்தான் என்னைத் தேடினார். கெடுவதற்கு முன்பே ஒரு தோட்டாவுக்குரிய மருந்தின் எடைக்குச் சரியாக ஒரு செம்புக் கம்பியை வெட்டி வைத்திருந்தார். அந்தக் கம்பித் துண்டுதான் எங்களுக்குப் படிக்கல். ஒரு தட்டில் கம்பி, மறு தட்டில் மருந்து. முள் நடுவில் நிற்க வேண்டும்.

ஈயம் சிவகாசியிலிருந்து வரும். அச்சாபீஸ்களில் தேய்ந்துபோன எழுத்துகளைக் கிலோக் கணக்கில் வாங்கி வருவார். அதில் உருக்கிய குண்டு நல்ல கெட்டியாக இருக்கும் என்பார். பம்புசெட் கொட்டகையில் அடுப்பு மூட்டி இரும்புச் சட்டியில் அவற்றைப் போடுவோம். கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி இருக்கும் எழுத்துகளை, உருகுவதற்குள் நான் படிக்கப் பார்ப்பேன். ஒரு ழ, ஒரு கொம்பு, பாதி தேய்ந்த ணை. கல்யாணப் பத்திரிகையில் பெயராக நின்றதோ, இழவு ஓலையில் நின்றதோ, எல்லாம் ஒரே மாதிரி நெளிந்து வெள்ளித் தண்ணீராகும். "என்ன பாய், இன்னைக்குப் பாடம் முடிஞ்சுதா?" என்று கேலி செய்வார்.

இனிமேல் நான் சொல்லப் போவதற்கு எங்கள் கடைப் பழக்கங்கள் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, அளக்கும்போதும் எண்ணும்போதும் ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டோம், லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். இரண்டாவது, ஜாடியோ மூட்டையோ தீரும்போது அடியில் மிஞ்சுவதைத் திருப்பி வைக்க மாட்டோம். அதைக் கடைசியாக வாங்குகிறவருக்கே தட்டிப் போட்டுவிட வேண்டும். அடிமிச்சத்தைப் பிடித்து வைத்த கடை விளங்காது என்பது அத்தாவின் கொள்கை. எட்டு வயதில் கடை ஏறியதிலிருந்து இந்த இரண்டும் என் புத்தியில் இல்லை, கையிலேயே இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை பழைய மருந்து டப்பா தீரும் நிலையில் இருந்தது. ஒரு வருடம் மனு எழுதி, அலைந்து, அன்றுதான் புது டப்பா வந்திருந்தது. கேப்பு அடித்த ஐம்பது கூடுகள் பலகையில் நின்றன. நான் நிறுத்து நிறுத்து ஊற்றிக்கொண்டு வந்தேன். நாற்பதைத் தாண்டியபோது வாசலில் சைக்கிள் மணி. ஊர்த் தலையாரி. தேர்தல் அறிவித்துவிட்டார்கள், லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் திங்கள்கிழமைக்குள் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்ற தகவலோடு வந்திருந்தார். முதலாளி எழுந்து வாசலுக்குப் போனார்.

"ஓட்டுப் போட வெரலு போதுமாம் மொதலாளி. துப்பாக்கி வேண்டாங்குது சர்க்காரு."

"எப்பத் திரும்பக் கெடைக்கும்?"

"செயிச்சவன் மாலையெல்லாம் வாடுன பொறவு."

அவர்கள் பேச்சில் என் காது இருந்தது. கை தன் பாட்டுக்கு நிறுத்தது. ஐம்பதாவது கூட்டுக்குச் சரியாக நிறுத்து ஊற்றினேன். டப்பாவின் அடியில் கொஞ்சம் மருந்து மிஞ்சியிருந்தது. டப்பாவைச் சாய்த்து, பின்பக்கம் இரண்டு தட்டு தட்டி, அதையும் அந்தக் கடைசிக் கூட்டிலேயே போட்டேன். மஞ்சள் பொடியோ சுக்குப் பொடியோ தீரும்போது செய்வதைப் போல. செய்தது எனக்கே தெரியாது.

முதலாளி அவசரமாகத் திரும்பி வந்தார். தலையாரியும் கூடவே வந்து வாசல்படியில் நின்றார். எல்லாக் கூடுகளிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது வழக்கம். அதை அவரேதான் செய்வார். வரிசை வரிசையாக வெளிச்சத்தை ஓட்டித் தலையாட்டினார். மெஷினில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குண்டு வைத்து அமுக்கி, முடிந்ததை ஒரு தகரப் பெட்டிக்குள் போட்டார். ஐம்பதும் உள்ளே கலந்து உருண்டன. பார்வைக்கு ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. தலையாரி ஆச்சரியமாகப் பார்த்ததைக் கண்டு, "எல்லாம் இந்தப் பாய் கைதான். கையா அது, தராசு. அணு பிசகாது" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பிறகு பழைய டப்பாவைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"தீந்துருச்சா?"

"தீந்துருச்சு மொதலாளி."

"மிச்சம் ஒண்ணும் இல்லையா?"

அந்த வார்த்தை காதில் விழுந்தபோதுதான் என் கை செய்தது என் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு தட்டு. கடைசிக் கூடு. ஒரு தோட்டாவில் மருந்து கூடினால் என்ன ஆகும் என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். குண்டு முன்பக்கம் போகும், உருளை பிளந்து பக்கவாட்டில் போகும், மிஞ்சுவது சுடுகிறவனின் மணிக்கட்டு. சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் அப்போதுதான் என் கையைத் தராசு என்று சொன்னவர்.

"இல்ல மொதலாளி" என்றேன்.

அன்று பொழுது சாய வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தேன், இறங்கவில்லை. என் மனைவி இரண்டு தடவை என்னவென்று கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கும் ரகமல்ல அவள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"இதைச் சொல்ல என்ன? வாயைத் தொறந்தா முத்து உதுந்துருமா?"

"தலையாரி நின்னான்."

"தலையாரி போய்ட்டான்ல. பொறவு சொல்லியிருக்கலாம்ல? அவிய கை போயிருச்சுன்னா நீங்களா தெனமும் போய்ச் சோறு ஊட்டப் போறீய?"

சனிக்கிழமை முழுக்கக் கடையில் நிறுத்துக்கொண்டே சொல்ல வேண்டிய வார்த்தைகளை வாய்க்குள் அடுக்கிப் பார்த்தேன். மதியம் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த டெலிபோன் கடைக்குப் போய் ராஜபாளையம் வீட்டு நம்பரைக் கொடுத்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் வெயில் வெந்தது. அவரே எடுத்தார். "யாரு?" என்றார். இரண்டு தடவை "யாரு?" என்றார். வெளியே அடுத்தவர் கதவைத் தட்டினார்.

"நாந்தான் மொதலாளி. சாம்பிராணி புதுச் சரக்கு வந்துருக்கு."

பிறகு அவர் சிரிப்பு கேட்டது. "நேர்ல நின்னாலே நாலு வார்த்தை பேச மாட்ட. சாம்பிராணிக்கு டெலிபோனா? சரி, நாளைக்குக் காலைல தோப்புக்கு வா. திங்கக்கெழமை துப்பாக்கியைக் குடுத்தா வர ரெண்டு மாசம் ஆகும். அம்பதையும் நாளைக்கே சுட்டுத் தீக்கப் போறேன். ஒன் கைவேலையை நீயும் பாரு."

"வாரேன் மொதலாளி" என்று வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற இடங்கள் பல உண்டு. அந்தக் கண்ணாடிக் கூண்டுதான் அவற்றில் முதலிடம். இந்த ஒரு குணத்தை நான் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேசாதவன் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பியிருந்தேன். பேசாமல் இருப்பவனாலும் ஒரு மனிதனின் கை போகலாம் என்பது அன்று மதியம்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை.

ஞாயிறு காலை சுபுஹு தொழுதுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ராஜபாளையத்தில் இறங்கியபோது சோழபுரம் பஸ் போய்விட்டிருந்தது. வாடகைச் சைக்கிள் கடைக்காரர் அப்போதுதான் கடையின் கதவுப் பலகைகளை எடுத்துக்கொண்டிருந்தார். தெரியாத ஆளுக்குச் சைக்கிள் கொடுக்க மாட்டேன் என்றார். கல்யாணத்துக்குப் போட்ட கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் மேசையில் வைத்தேன். அதைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்து, பொறுமையாகக் காற்றடித்துக் கொடுத்தார். அவர் பம்பை அமுக்கிய ஒவ்வொரு அமுக்கும் என் நெஞ்சில் விழுந்தது.

கண்மாய்க் கரையில் ஏறியதும் முதல் வெடிச் சத்தம் கேட்டது. தென்னை மரங்களிலிருந்து கொக்குகள் எழுந்தன. என் வாய் தானாக, "லாபம்" என்றது. அந்தச் சொல்லை நினைத்து இன்றைக்கும் கூசுகிறேன். ரெண்டு. மூணு. ஒவ்வொரு சத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவர் முகம் முழுசாக இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன். ஆறோடு நின்றது. ஆறாவது சுட்டபின் வழக்கமாக வரும் இடைவெளியா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. ஏழாவது சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. வெடிச் சத்தம் கேட்டு நிம்மதிப்பட்டவன் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். பன்னிரண்டு. பதினெட்டு. தோப்பு வேலிப் படலைத் தள்ளியபோது இருபத்துநாலு.

அவர் பம்புசெட்டைத் தாண்டி, மண்மேட்டைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். மண்மேட்டில் ஒரு வெள்ளை அட்டை. உருளையில் ஐந்தாவது தடவையாக ஆறு தோட்டாவைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். "மொதலாளி" என்றேன். காற்றுதான் வந்தது. சைக்கிள் மணியை அமுக்கினேன். விடாமல் அமுக்கினேன். அவர் திரும்பவில்லை. காது இரண்டிலும் பஞ்சு அடைத்திருந்தார். கை உயர்ந்தது. துப்பாக்கி வைத்திருப்பவரைப் பின்னால் வந்து தொடக் கூடாது என்பது அந்தத் தோப்பின் முதல் சட்டம், என்னிடம் அவரே சொன்னது. சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் என் உள்ளங்கையை அவர் முதுகில் வைத்தேன்.

அவர் உடம்பு கல்லானது. நல்லவேளை, துப்பாக்கி மண்மேட்டை விட்டு அசையவில்லை. விரலை மெதுவாக வெளியே எடுத்தார். உருளையைத் திறந்தார். அதன் பிறகே திரும்பி, ஒரு காதின் பஞ்சைப் பிடுங்கினார். முகம் வெளிறியிருந்தது.

"ஏமி பாய் இது?"

"கடைசித் தோட்டாவுல அடிமிச்சத்தைப் போட்டுட்டேன் மொதலாளி."

"எந்த அடிமிச்சம்?"

"பழைய டப்பால இருந்தது. கடையில தட்டிப் போடுற மாதிரி தட்டிப் போட்டுட்டேன். மிச்சம் இல்லைன்னு பொய் சொன்னேன்."

"எம்புட்டு இருக்கும்?"

"ஒரு தோட்டாவுக்குப் போடுறதுல பாதி."

அவர் மண்மேட்டைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். உருளையில் இருந்த ஆறையும், பெட்டியில் மிஞ்சியிருந்த இருபதையும் துண்டில் ஒன்றாகக் கொட்டினார். கொட்டகைக்குள் நடந்தார், நானும் பின்னால் நடந்தேன்.

"மொதலாளி, ஏற்கெனவே சுட்ட இருபத்துநாலுல அது..."

"இருந்திருந்தா நீ என் முதுகைத் தொட்டிருக்க மாட்ட. முகத்துல துண்டைப் போட்டிருப்ப."

வெளியிலிருந்து நிறுத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தோம். முடியவில்லை. அச்சு எழுத்து ஈயம் சட்டிக்குச் சட்டி எடை மாறும், குண்டுகளே ஒன்றுபோல் ஒன்று இல்லை. இருபத்தாறையும் பிரிப்பதைத் தவிர வழியில்லை. அதற்கென்று இருந்த கருவியை வைத்து அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தை என் தட்டில் கொட்டுவார். எதிர்த் தட்டில் அந்தச் செம்புக் கம்பி. முள் நடுவில் நின்றால் "சரி" என்பேன். அவர் அடுத்ததை எடுப்பார். வெளியே யாரோ தேங்காய் உரிக்கிற சத்தம். பத்து சரி. பதினைந்து சரி. ஒவ்வொரு "சரி"க்கும் எனக்கு நிம்மதிக்குப் பதிலாகப் பயம் கூடியது. எதிலுமே இல்லையென்றால் நான் பைத்தியக்காரனா, இல்லை அது ஏற்கெனவே வெடித்து அவர் தப்பித்துவிட்டாரா?

பத்தொன்பதாவது. மருந்து விழுந்ததும் தட்டு சட்டென்று இறங்கி மேசையில் டிக்கென்று இடித்தது. கடையில் அந்தச் சத்தம் கேட்டால் வாங்குகிறவர் முகம் மலரும். நான் கையை எடுத்துவிட்டேன்.

முதலாளி தராசை நோக்கிக் குனிந்தார். முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார், பிறகு விலக்கினார். மறுபடி பக்கத்தில். இறங்கிய தட்டு அவர் மூக்குக்கு நேராகத்தான் இருந்தது.

"எறங்கிருச்சா?" என்று கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். அதற்கு முன் அவர் கண்ணை நேராகப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கருவிழி நடுவில் கஞ்சித்தண்ணி போல ஒரு மங்கல்.

"எறங்கிருச்சு மொதலாளி."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "வெள்ளிக்கெழமை டார்ச் அடிச்சுப் பாத்தது நான்தானே. எனக்கு ஒண்ணும் தெரியல பாய். தூரத்துல வெள்ளையா இருந்தா தெரியுது. கூட்டுக்குள்ள பாத்தா ரெண்டு மாசமா ஒரே பனி. மட்டம் சரியா இருக்குன்னு சும்மா தலையாட்டினேன். தலையாரி முன்னால குருடன்னு காட்டிக்க மனசு வரல." சிரிக்க முயன்றார். "நீ மிச்சம் இல்லைன்ன. நான் மட்டம் சரின்னேன். ரெண்டு பேரும் சேந்து என் கையை எடுக்கப் பாத்தோம்."

நான் அழுதேன். அதை எழுதுவதில் கூச்சமில்லை. அவர் என்னைத் தேற்றவில்லை. மிச்சம் ஏழையும் எடுத்து வைத்து, அவற்றையும் பிரித்து நிறுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தன. பிறகுதான் கோபப்பட்டார், தெலுங்கிலும் தமிழிலும். மருந்து கூடியதற்கு அல்ல. "கை தப்புறது யாருக்கும் வரும். அதுக்கு ரெண்டு தட்டு போதும். ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தியே, அதுக்கு என்ன பாய் பேரு?" என்றார். டெலிபோனில் நான் சாம்பிராணி என்றது நினைவு வந்தவராக நிறுத்தி, "சாம்பிராணி" என்று தனக்குள்ளேயே ஒரு தடவை சொல்லிக்கொண்டார். அதில் திட்டு பாதி, சிரிப்பு பாதி.

திங்கள்கிழமை துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது. அது திரும்பி வருவதற்குள் அவர் மதுரைக்குப் போய் ஒரு கண்ணில் அறுவை செய்துகொண்டு வந்தார். இனி என்னைக் கூப்பிட மாட்டார் என்று நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனால், கொட்டகையில் இரண்டு புதுச் சட்டங்கள். ஒன்று, ஐம்பதாவது குழியில் கூடு வைக்கக் கூடாது. "நாப்பத்தொம்பதோட நிறுத்து. கடைசின்னு ஆனா ஒன் கைக்குப் புத்தி மாறுது" என்றார். இன்னொன்று, ஒவ்வொரு தடவையும் நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எத்தனையாவது, சரியா, மிச்சம் எங்கே போயிற்று. நான் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல, அதற்குப் பிறகுதான் அடுத்தது.

முதல் வாரம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "பம்புசெட்டு வரைக்கும் கேக்கணும்" என்பார். மெல்ல மெல்ல வந்தது. "லாபம், சரி" என்று நான் கத்த, "லாபம், சரி" என்று அவரும் கத்துவார். ஒன்று என்று மாற்றச் சொல்லவே இல்லை. தலையாரி ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று, "என்ன மொதலாளி, பாய் தோப்பை ஏலம் விடுதாரா?" என்று கேட்டார். அந்த வருடங்களில் நான் வேறு எங்கும் பேசியதைவிட அந்தத் தகரக் கொட்டகையில்தான் அதிகம் பேசியிருப்பேன். எல்லாம் எண்கள்தான். ஆனால் சத்தமாக.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் நெஞ்சுவலியில் போனார். துப்பாக்கியை அவர் மகள் முறைப்படி ஒப்படைத்துவிட்டார். மெஷின், மருந்து எல்லாம் அதோடு போயின. பலகையை மட்டும், "அப்பா இது பாய்க்குன்னு சொல்லியிருந்தாங்க" என்று கொண்டுவந்து கொடுத்தார். அந்த வருடம்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கென்று இந்தச் சின்னக் கடையை வைத்தேன். நாற்பத்தொன்பது அத்தர் குப்பிகளை வாங்கி நிறுத்தினேன்.

அத்தாவின் கொள்கையை நான் விடவில்லை. ஜாடி தீர்ந்தால் அடிமிச்சம் கடைசியாக வாங்குகிறவருக்குத்தான். ஆனால் அதைச் சும்மா போட என் கையால் முடிவதில்லை. போடும்போது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். இதனால் கடைத்தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. நாலு சிட்டிகை கூடப் போட்டுவிட்டு நாலு கடைக்குக் கேட்கச் சொல்லிக் காட்டுகிறவன் என்று. நான் விளக்கம் சொல்லப் போனதில்லை. என் மனைவிக்குத் தெரியும், அது போதும்.

போன வாரம் ஓர் அம்மா அதிமதுரப் பொடி வாங்க வந்தார். பேரனின் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவைப் பலகையின் கடைசிக் குழியில் செருகிவிட்டுப் பையைத் துழாவினார். ஜாடி அன்றோடு தீர்ந்தது. சாய்த்து இரண்டு தட்டு தட்டினேன்.

"கேட்ட எடை சரியா இருக்கு. அடிமிச்சம் சேத்துருக்கேன், அரைக்கால் பங்கு கூட" என்றேன். எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சொன்னார்: "குடுக்கதைச் சொல்லிக்காட்டாம குடுக்க மாட்டீயளா பாய்?"

"இல்லம்மா" என்றேன். குழியிலிருந்து பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.